பழைய வண்டிக்கு மாற்று எஞ்சின்



திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் சாலையோரம் சிறிது நேரம் நின்றால், நிலக்கடலை மூட்டை ஏற்றிய லாரிகளையும், இரும்புக் கட்டு இன்னும் தளராத பழைய ஜீப்புகளையும் காணலாம். இத்தகைய வண்டி ஒன்றை வைத்துப் பிழைக்கும் எளியவர் ஒருவர் கேட்கும் கேள்வி இது: “வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, எஞ்சின்தான் எண்ணெயைக் குடிக்கிறது. கடன் வாங்கியேனும் வேறு எஞ்சின் பொருத்தலாமா?” அவருக்கு விடை கூறும் பொறுப்பு, பௌதிகமும் கணக்கும் கற்கும் உங்களுடையதும் அன்றோ? அவ்விடையை எவ்வாறு காண்பது என்பதை இன்று ஆராய்வோம்.

இக்கேள்வி புதியதன்று. 1950களின் தொடக்கத்தில் நம் நாட்டில் ஓடிய லாரிகளில் பல பெட்ரோலில் ஓடியவை. 1840இல் தொடங்கப்பெற்று, கோச்சு வண்டி கட்டுவதில் பெயர் பெற்ற சென்னைச் சிம்சன் கம்பெனி, அந்தப் பத்தாண்டில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செம்பியத்தில் உருவாக்கலாயிற்று. பெர்க்கின்ஸின் ஆறு சிலிண்டர் கொண்ட ‘பி-6’ எஞ்சின், பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் பொருத்துவதற்கு உலகெங்கும் பயன்பட்டது. பின்னர் 1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. ஜீப் உடைமையாளர் பலர் பெட்ரோல் எஞ்சினை நீக்கி, டிராக்டரின் டீசல் எஞ்சினைக்கூடப் பொருத்திக்கொண்டனர்.

டீசல் எஞ்சின் எவ்வாறு சிக்கனம் தருகிறது? பழைய பெட்ரோல் எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை ஆறேழு மடங்கே அழுத்தப்படுகிறது. அதற்குமேல் அழுத்தினால் கலவை காலத்துக்கு முன்னரே வெடித்துவிடும். டீசல் எஞ்சினிலோ காற்று மட்டுமே 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்படுகிறது. அதனால் 500 பாகைக்கு மேல் சூடேறிய காற்றில் எண்ணெய் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. அழுத்தம் மிகுந்தால், வெப்பம் வேலையாக மாறும் பங்கும் மிகும். எரிபொருளின் வெப்பத்தை நூறு பங்காகக் கொண்டால், பழைய பெட்ரோல் எஞ்சின் இருபது, இருபத்தைந்து பங்கை வேலையாக்கும். டீசல் எஞ்சின் முப்பது, முப்பத்தைந்து பங்கை ஆக்கும். அன்றியும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான வெப்பம் அடங்கியுள்ளது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு வண்டி ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் எனில் 3,000 லிட்டர் செலவாகும். 12 கிலோமீட்டர் எனில் 2,000 லிட்டர். மிச்சம் 1,000 லிட்டர். மற்றொரு வண்டி 16இலிருந்து 20 கிலோமீட்டருக்கு உயர்கிறது. இதிலும் உயர்வு நான்குதான். ஆனால் 1,500 லிட்டர் 1,200 ஆகிறது. மிச்சம் 300 லிட்டரே! ஆகவே, மிகுதியாகக் குடிக்கும் வண்டியிலேதான் மாற்றம் மிகுதியான பயன் தரும். எஞ்சின் மாற்றும் செலவு 2,000 லிட்டர் எண்ணெயின் விலைக்குச் சமம் எனக் கொண்டால், முதல் வண்டியில் முதலீடு இரண்டே ஆண்டில் திரும்பும். அதே வண்டி ஆண்டுக்கு 2,400 கிலோமீட்டர் மட்டும் ஓடினால் இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் கடனின் வட்டி முதலை விழுங்கிவிடும்.

எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது. பழைய வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சில் பற்சக்கர விகிதம் 5.38. அதாவது, நேர் கியரில் எஞ்சின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் இரண்டேகால் மீட்டர். நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை சுற்றவல்ல பெட்ரோல் எஞ்சினுக்கு ஏற்றதாக அமைந்தது இது. 2,000 சுற்றுக்கென வகுக்கப்பட்ட டிராக்டர் எஞ்சினை அங்கே பொருத்தினால் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஜவ்வாது மலையேற்றத்தில் அது குறையன்று. சமவெளி நெடுஞ்சாலையில் பெருங்குறை. வேகம் வேண்டி எஞ்சினை விரட்டினால் எண்ணெயும் வீணாகும், எஞ்சினும் தேயும். எனவே எஞ்சினும் கியரும் ஒன்றுக்கொன்று இயைய வேண்டும். டீசல் எஞ்சினின் கூடுதல் எடையைத் தாங்க முன் வில்பட்டைகளும், நிறுத்த வல்ல பிரேக்கும் வேண்டும்.

சட்டமும் உண்டு. எஞ்சின் எண் வண்டியின் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டம் இடங்கொடுத்த வகையிலன்றி, சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது கடமை. தேய்ந்த டீசல் எஞ்சினின் கரும்புகை, சாலையோரத்துக் குழந்தையின் மூச்சில் கலக்கும் என்பதையும் மறத்தலாகாது. ஒருவர் பணப்பையில் சேரும் மிச்சம் பிறர் நெஞ்சில் நோயாகச் சேர்தல் முறையன்று.

ஆதலின், கேட்டவருக்கு நாம் கூறத்தக்க விடை இதுவே: முதலில் டயரின் காற்றையும், கார்புரேட்டரையும், காற்று வடிகட்டியையும் சரிசெய்யுங்கள். பின்பு ஒரு மாதம், ஓடிய தூரத்தையும் ஊற்றிய எண்ணெயையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஆண்டு மிச்சத்தைக் கடனின் தவணையோடு ஒப்பிடுங்கள். மிச்சம் பெரிதாகி, சட்டமும் இடங்கொடுத்தால் எஞ்சினை மாற்றலாம். இன்றேல் உள்ளதைப் பேணி ஓட்டுவதே இலாபம். மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு வண்டி இருப்பின், அந்த நோட்டை நீங்களே எழுதித் தரலாம்.