ஏமி கிராண்டின் முதல் இசைத்தட்டு
'ஏமி கிராண்ட்', 1977. மிர் ரெக்கார்ட்ஸ் வெளியீடு. வினைல் நெடுந்தட்டு.

இத்தட்டில் பாடியவர் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வளர்ந்த பள்ளி மாணவி. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் சிறு வேலைகள் செய்துவந்த ஏமி, பெற்றோர் கேட்பதற்காகத் தம் பாடல்களை நாடாவில் பதிந்தார். அந்த நாடாவைத் தொலைபேசி வழியே கேட்ட வேர்ட் இசை நிறுவனம், 15 வயதிலேயே அவரை ஒப்பந்தம் செய்தது. மிர் அப்போது அந்நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்தது. தயாரிப்பாளர் பிரௌன் பானிஸ்டர்.

கிறிஸ்தவப் பாடல்கள் கொண்ட தட்டு என்றாலும், தேவாலயப் பாமாலைகளின் நடையை இதில் கேட்க முடியாது. கிட்டார் ஒலிக்க, அக்கால வானொலிப் பாடல்களைப் போன்ற மென்மையான பாப் இசையில் ஓர் இளம்பெண் தம் விசுவாசத்தைச் சொல்கிறார். 'ஓல்ட் மேன்ஸ் ரப்பிள்' என்னும் பாடல், பவுல் அப்போஸ்தலர் எழுதிய 'பழைய மனுஷன்' என்னும் கருத்திலிருந்து பிறந்தது. மீட்கப்பட்ட பின்னும் பழைய வாழ்வின் இடிபாடுகளிலேயே குடியிருப்பவரைக் கேள்வி கேட்கிறது. 'மவுண்டன் டாப்', இறைவனோடு மலையுச்சியில் இருக்க விரும்பும் மனம், கீழே பள்ளத்தாக்கில் உள்ள மக்களிடம் இறங்கிச் செல்ல வேண்டியதைப் பாடுகிறது. தட்டின் ஆழமான பாடல்கள் இவ்விரண்டுமே. குரலில் பயிற்சியின் மெருகு குறைவு. அந்த எளிமையே கேட்பவரை நம்பவைக்கிறது.

பின்னர் ஏமியின் 'ஏஜ் டு ஏஜ்' இசைத்தட்டு 1982இல் வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. 1991இல் அவருடைய 'பேபி பேபி' பாடல் அமெரிக்கப் பாப் தரவரிசையில் முதலிடம் பெற்றது.