பூவா தலையா போட்ட ஆய்வு

ஒரு சிறுவன் கெட்டுப்போகாமல் வளர்கிறான். நாம் செய்த உதவியாலா, எப்படியும் அப்படித்தான் வளர்ந்திருப்பானா? அவனையே இரண்டு முறை வளர்த்துப் பார்க்க வழியில்லை. 1930களில் ரிச்சர்ட் கேபட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வழி கண்டார்: அவனைப் போலவே இன்னொருவனைத் தேடு!

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்களில் 506 சிறுவர்கள். வயது, குடும்பம், சேட்டை எல்லாம் ஒத்துப்போகும்படி 253 ஜோடிகளாகச் சேர்த்தார்கள். ஜோடியில் யாருக்கு உதவி? பூவா தலையா போட்டார்கள். தேர்வில் மனித விருப்பம் நுழையாத இந்த ஏற்பாட்டுக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோயாளிகளிடம் இப்படிச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வு வெளிவந்ததே 1948இல்தான். சேட்டைக்காரப் பையன்கள் அதை முந்திவிட்டார்கள்.

1939இல் தொடங்கிய உதவி, சராசரியாக ஐந்தரை ஆண்டு நீடித்தது. ஆலோசகர் மாதம் இருமுறை வீட்டுக்கே வருவார். பாடம், வைத்தியம், கோடை முகாம் எல்லாம் உண்டு. ஜோடியின் மறுபாதிக்கு இவை எதுவும் இல்லை.

முப்பதாண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியலாளர் அவர்களைத் தேடிப் புறப்பட்டார். நீதிமன்றக் கோப்பு, வாகனப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு என்று ஒன்றையும் விடவில்லை. குருட்டு ஊகமும் சில நேரம் கைகொடுத்தது. 480 பேரின் தடம் கிடைத்தது. துப்பறியும் கதைக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய உழைப்பு.

உதவி பெற்று, கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டத்தால் நன்மையே என்றார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் மாபெரும் வெற்றி என்று கொண்டாடியிருப்பார்கள். ஆனால் ஜோடிகளை ஒப்பிட்டபோது கணக்கு தலைகீழானது. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், இளவயதில் இறந்தவர்கள், எல்லாரும் உதவி பெற்ற பக்கத்தில்தான் அதிகம். நீண்ட காலம் உதவி பெற்றவர்களிடம் கேடு இன்னும் கூடுதல்!

ஏன்? 1999இல் மெக்கார்டும் வேறு இருவரும் எழுதிய கட்டுரை கோடை முகாமைக் கைகாட்டியது. ஒரு முறைக்கு மேல் முகாமுக்குப் போனவர்களிடம்தான் கேடு குவிந்திருந்தது. சேட்டைக்காரர்களை ஒன்றாகத் தங்கவைத்தால், ஒருவன் தன் அட்டகாசத்தைச் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசு. எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனால் முகாமுக்கு யார் போவது என்பது குலுக்கலில் முடிவானதல்ல. மெக்கார்டே முதலில் வேறு காரணங்களையும் யோசித்திருந்தார்: ஆலோசகரை அளவுமீறிச் சார்ந்திருந்தது, உதவி நின்றபின் வந்த ஏமாற்றம். அவற்றையும் எளிதில் தள்ளிவிட முடியாது.