எட்டு மணி நேரமும் எட்டு நிமிடமும்

1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து சென்ற மேரினர் 4 விண்கலம், எடுத்த படங்களை முதலில் ஒலிநாடா போன்ற ஒரு நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டது. ஒரு படத்துக்கு 200 வரிகள், வரிக்கு 200 புள்ளிகள், புள்ளிக்கு 6 பிட். ஆக மொத்தம் 2,40,000 பிட். கலத்தின் ரேடியோவுக்குத் தெரிந்தவை இரண்டே வேகங்கள்: நொடிக்கு 33⅓ பிட், நொடிக்கு 8⅓ பிட். செவ்வாயின் தொலைவிலிருந்து இரண்டாவதுதான் கைகொடுத்தது. வகுத்துப் பார்த்தால், ஒரு படம் பூமிக்கு வந்து சேர எட்டு மணி நேரம்.

இன்று செவ்வாயின் கேல் பள்ளத்தில் உலவும் கியூரியாசிட்டி ரோவரின் தலைக்கு மேல் ஒரு சுற்றுக்கலம் கடந்து போக ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகிறது. அந்த எட்டு நிமிடத்துக்குள் 100 முதல் 250 மெகாபிட் வரை ரோவரிலிருந்து கலத்துக்கு ஏறிவிடுகிறது.

இந்த ஒப்பீட்டில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். மேரினர் 20 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பூமியோடு நேரே பேசியது. ரோவர் பேசுவது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் போகும் கலத்தோடு. அதைப் பூமிக்குச் சேர்ப்பது அந்தக் கலத்தின் பொறுப்பு. ரோவரே நேராகப் பூமிக்கு அனுப்பினால் வேகம் நொடிக்கு 500 முதல் 32,000 பிட் வரைதான். அதே 250 மெகாபிட்டுக்கு மிக அதிக வேகத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே வேகத்தின் அளவைவிட, அந்த வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

1976-இல் தரையிறங்கிய வைகிங் கலங்களும் மேலே சுற்றிய தாய்க்கலத்தின் வழியாக அனுப்பியவைதாம். நொடிக்கு 4,000 அல்லது 16,000 பிட். 2004-இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி ரோவர்களின் ரேடியோவில் நான்கு வேகங்கள் இருந்தன: 8, 32, 128, 256 கிலோபிட். அன்றன்றைய கடப்புக்கு எந்த வேகம் என்பதைக் கலிபோர்னியாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தினர் முன்கூட்டியே கணக்கிட்டு அனுப்பிவிடுவார்கள். கலம் எழுந்து மறையும்வரை அதே வேகம்தான்.

இதில் இருந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. 300 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கலம் அடிவானத்தில் எழும்போது ரோவரிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். உச்சிக்கு வரும்போது 300 கிலோமீட்டர். தூரம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் சிக்னலின் வலிமை 20 மடங்குக்கு மேல் கூடுகிறது. ரோவர் சரிவில் சாய்ந்து நின்றால் அதுவும் கணக்கைக் கலைக்கும். அதிக வேகத்தைத் தேர்ந்தால் கடப்பின் தொடக்கமும் முடிவும் இரைச்சலில் கரைந்துபோகும். குறைந்த வேகத்தைத் தேர்ந்தால் உச்சியில் கிடைக்கும் வலிமை வீணாகும். பூமியிலிருந்து பார்த்துத் திருத்தவும் வழியில்லை. ரேடியோ அலை ஒருவழி போகவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். கட்டளை போய்ச் சேருவதற்குள் கலம் மறைந்திருக்கும்.

2005-இல் ஏவப்பட்ட மார்ஸ் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர் கலம் எலெக்ட்ரா என்ற ரேடியோவைச் சுமந்து சென்றது. இது மென்பொருள் ரேடியோ வகை. பழைய ரேடியோவில் மின்சுற்றுகள் செய்த வடிகட்டலையும் பிட்டுகளைப் பிரித்தறிவதையும் இதில் எண்கணக்கு செய்கிறது. வேகத்தை மாற்றச் சில எண்களை மாற்றினால் போதும். ஏவிய பிறகும் புதிய மென்பொருளை அனுப்பி அதன் போக்கையே மாற்றலாம். 2012-இல் கியூரியாசிட்டி அதன் சிறிய வடிவமான எலெக்ட்ரா-லைட்டோடு இறங்கியது. 1 கிலோபிட்டில் தொடங்கி, படிக்குப் படி இரட்டித்து, 2,048 கிலோபிட் வரை போகும் ஏணி இவற்றுக்கு உண்டு.

கடப்பின்போது மேலே உள்ள கலம் தனக்குக் கேட்கும் சிக்னலை இரைச்சலோடு ஒப்பிட்டு அளந்தபடியே இருக்கும். இடம் கொடுக்கும்போது ஒரு படி ஏறச் சொல்லும். நலியும்போது இறங்கச் சொல்லும். ரோவர் உடன்படும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு: வேகம் மாறிய கணத்தில் பிட்டுகளின் தாளம் அறுந்துபோகிறது, அதை மறுபடி பிடிக்கச் சிறிது நேரம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு சிறு அசைவுக்கும் ஏணியில் ஏறி இறங்குவது லாபமில்லை. அனுப்பத் தரவு இல்லாத இடைவெளியிலும் ரோவர் மௌனமாக இருப்பதில்லை. அறிந்த ஒரு நிரப்புத் தொடரை அனுப்பிக்கொண்டே இருக்கும், எதிர்ப்பக்கம் தாளத்தை விடாமல் இருக்க. ஒவ்வொரு தரவுக் கட்டுக்கும் முன்னால் 24 பிட் அடையாளம், பின்னால் 32 பிட் சரிபார்ப்பு. பழுதான கட்டு கேட்டு வாங்கப்படும்.

2001-இல் ஏவப்பட்ட ஒடிசி கலத்தோடு பேச வேண்டுமென்றால் கியூரியாசிட்டி 128 அல்லது 256 கிலோபிட்டுக்கு இறங்கிவிடுகிறது. மூத்தவரின் நடைக்கு ஈடுகொடுத்து நடப்பதைப் போன்ற இந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

கிடைத்தது நிச்சயமாகப் பெரிது. போனதும் ஒன்று உண்டு. நிலையான வேகம் இருந்த காலத்தில் வேகத்தை நேரத்தால் பெருக்கினால் நாளை எவ்வளவு வரும் என்று சொல்லிவிடலாம். இன்று கையில் இருப்பது மதிப்பீடு மட்டுமே. உண்மையான அளவு கடப்பு முடிந்த பிறகுதான் தெரியும். அதனால் எது முதலில் வர வேண்டும் என்ற வரிசை முக்கியமாகிவிட்டது. மறுநாள் ரோவரை ஓட்டுவதற்குத் தேவையான படங்கள் முன்னால், அவசரமில்லாதவை பின்னால்.

காத்திருப்பும் போய்விட்டது. 1965-இல் முதல் படத்தின் எண்கள் வந்துகொண்டிருந்தபோது, கணினி அதைப் படமாக்கும்வரை பொறுக்க முடியாத சில பொறியாளர்கள் எண்கள் அச்சான காகித நாடாக்களைச் சுவர்ப்பலகையில் வரிசையாக ஒட்டினார்கள். எண்ணுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டு வண்ணக் குச்சிகளால் கையாலேயே தீட்டினார்கள். செவ்வாயை அருகிலிருந்து கண்ட முதல் தொலைக்காட்சிப் படம் அப்படித்தான் மனிதர் கைவழியே உருவானது. அந்தப் படம் சட்டமிடப்பட்டு இன்றும் அதே ஆய்வகத்தில் இருக்கிறது.