கைக்குத் தகுந்த தக்ளி!

"எனக்குக் கைராசியே இல்லைம்மா. பத்து முழம் நூற்கிறதுக்குள்ளே பத்துத் தடவை அறுந்து போகுது!"

சிவகாசியில் எங்கள் தெருவிலிருக்கும் இளம் தாய் இப்படிச் சொல்லி, கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பிறக்கும்வரை பட்டாசு ஆலைக்குப் போய் வந்தவள். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத கை. "வீட்டுக்கே திரி கொண்டுவந்து தர்றோம், தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யலாம்" என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே வெடிப்பொருள் செய்வது சட்டப்படி குற்றம். அதைவிட, தொட்டில் ஆடுகிற வீட்டில் மருந்துத் திரியா? மாமியார் கூடாதென்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகக் கையில் எடுத்ததுதான் தக்ளி. அதுவும் வரவில்லையே என்றுதான் அழுகை.

அப்போது அந்த வீட்டுப் பாட்டி, தக்ளியை வாங்கித் தட்டில் நிறுத்தி ஒரு சுண்டு சுண்டினார்.

"உன் கையிலே என்னடி குறை? இதைப் பாரு, சாமி வந்தது மாதிரி தலையை ஆட்டுது!"

பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. வட்டின் நடுத்துளை ஒரு நூலிழை விலகியிருந்தாலும் போதும், தக்ளி தள்ளாடும். ஒவ்வொரு தள்ளாட்டமும் இழையை வெடுக்கென்று இழுக்கும். பஞ்சு எப்படித் தாங்கும்? பாவம், குற்றம் கருவியுடையது. பழி மட்டும் பெண்ணுக்கு!

மத்து கடைந்த கை

உங்கள் வீட்டு மத்தையும் பூரிக்கட்டையையும் எடுத்துப் பாருங்கள். கையில் உருட்டினால் எங்கும் தட்டுவதில்லை. கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு, உளியால் சீவி உருட்டியவை அவை. நம் குழந்தைகள் விளையாடும் அம்பாசமுத்திரத்து மரச்செப்புகளும் இதே கடைசல் வேலைதான். முன்பு அவற்றுக்கு மஞ்சள் கடம்பு மரம் பேர்போனது.

மத்து கடைகிறவர் தக்ளி கடைய மாட்டாரா? இருவரும் கட்டில் கால் கடையும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் எடுத்தவுடன் விலை சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

"என்ன பஞ்சு தாயி? சோத்தாங்கையாலே சுண்டுவீங்களா, பீச்சாங்கையாலேயா? தரையிலே உட்கார்ந்தா, ஸ்டூல்லேயா?"

ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல் கைக்கு அளவெடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்!

பஞ்சுக்கு ஏற்ற பாரம்

அவர் பஞ்சைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது. சுமார் ஓர் அங்குலம்தான். குட்டை இழை பிரியாமல் நிற்க முறுக்கு நிறைய வேண்டும். ஆகவே தக்ளி லேசாகவும் வேகமாகவும் சுழல வேண்டும். கனமான தக்ளியைத் தொங்கவிட்டால், முறுக்கு ஏறுமுன்பே இழை பிரிந்துவிடும். கம்பளி மயிர் நீளமானது, பாரம் தாங்கும். அதனால்தான் மலைநாட்டுப் பெண்கள் தக்ளியைத் தொங்கவிட்டு, நடந்துகொண்டே கம்பளி நூற்கிறார்கள். பருத்திக்குத் தக்ளியின் நுனி ஒரு கொட்டாங்கச்சியில் ஊன்றி நிற்பதே சௌகரியம். பாரத்தைக் கொட்டாங்கச்சி தாங்கும், இழை பிழைக்கும்.

முதலில் துளை, பிறகு வட்டம்

பெரியவர் வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். நன்றாகக் காய்ந்த மரத்துண்டில் முதலில் துளை போட்டார். அந்தத் துளையிலேயே ஒரு கம்பியைச் செருகிப் பட்டறையில் மாட்டினார். பிறகுதான் விளிம்பைக் கடைந்தார். வட்டத்தை முதலில் கடைந்துவிட்டுத் துளை போட்டால் நடு தவறலாம். துளையைச் சுற்றியே வட்டம் கடைந்தால் எப்படித் தவறும்?

வட்டின் நடுப்பகுதியை மெலிதாக்கி, விளிம்பில் மட்டும் கனம் விட்டார். பாரம் ஓரத்தில் இருந்தால் சுழற்சி நெடுநேரம் நிற்கும். தண்டை மெல்லியதாகத் தேர்ந்தெடுத்தார். மெல்லிய தண்டு ஒரே சுண்டில் அதிகச் சுற்று சுற்றும். கடைசியில், சுழலும் வட்டில் அரக்குக் கட்டியை அழுத்தினார். உரசிய சூட்டில் அரக்கு உருகிப் படிந்தது. மேலே தாழை மடலால் தேய்க்க, கண்ணாடி மாதிரி பளபளப்பு!

ராட்டைக்கும் உண்டு

ராட்டை வைத்திருப்பவர்களும் கடைசல்காரரை நாடலாம். கயிறு ஓடுகிற சிறு உருளையில்தான் சூட்சுமம். பெரிய சக்கரம் 18 அங்குலம், கதிரின் உருளை அரை அங்குலம் என்று வையுங்கள். கைப்பிடியை ஒரு தரம் சுற்றினால் கதிர் 36 தரம் சுற்றும். உருளையை முக்கால் அங்குலமாகக் கடைந்து மாட்டினால் 24 சுற்றுதான். நூற்கப் பழகுகிறவருக்கு நிதானமான 24 போதும்; மெல்லிய நூலுக்கு 36 தேவை.

ராட்டையின் கதையில் ஒரு பெண் உண்டு, தெரியுமா? 1917ல் காந்திஜி சந்தித்த கங்காபென் மஜ்மூதார் என்ற அம்மையார்தான், பல ஊர் தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் மறந்துபோன ராட்டைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். நல்ல ராட்டை செய்பவருக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று 1929ல் அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது. 1949ல் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கிய ராட்டைதான், அவர் பெயராலேயே 'அம்பர்' ராட்டை ஆயிற்று. நூற்கிறவளின் சிரமம் குறைய இத்தனை பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். நாம் நம்மையே நொந்துகொள்ளலாமா?

ஒரு விஷயம் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தக்ளி நூலால் ஆலைச் சம்பளம் வராது. வருமானம்தான் நோக்கமென்றால், கதர் சங்கங்களில் சிட்டக் கணக்கில் கூலி தரும் அம்பர் ராட்டை வேலையை விசாரியுங்கள். தக்ளி, ஓய்ந்த நேரத்துக்குத் துணை. நூற்புக்கு முதல் பாடம்.

கவனிக்க வேண்டியவை

1. வாங்குமுன் தட்டில் சுழற்றிப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். தலை ஆடக் கூடாது.

2. பருத்திக்கு 20 கிராம் அளவில் இருந்தால் கைக்கு இதம்.

3. பச்சை மரம் வேண்டாம். காயும்போது கோணும், துளையும் கோணும்.

4. முதுகுக்குச் சுவர் சாய்மானம் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கொரு தரம் எழுந்து கையை உதறிவிடுங்கள்.

5. இழுப்பு, இருமல் உள்ளவர்கள் பஞ்சு பிய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் குழந்தை பக்கத்தில் வேண்டாம்.

6. தக்ளி முனை கூர்மையானது. தவழும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

7. பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு அருகில் கூடாது. பட்டாசு ஆலை வேலையிலிருந்து வருகிறவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே பஞ்சைத் தொடட்டும்.

அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்கிறீர்களா? போன வெள்ளிக்கிழமை ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து நீட்டினாள். "நூலைப் பாருங்கக்கா!" என்றாள். அங்கங்கே தடிமனும் மெலிசுமாக, அவளே நூற்ற நூல்.

சாயங்காலம்வரை ஒரு பூ உதிரவில்லை.