பதிவேடு வீடு மாறுகிறது!

உங்கள் பள்ளி நூலகத்தில், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். இதே வேலையைக் கணிப்பொறிக்குள் செய்வதுதான் தரவுத்தளம். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் இன்று இதில்தான் அடக்கம். 1995-இல் சுவீடனில் பிறந்த மைஎஸ்க்யூஎல் இவ்வகை மென்பொருள்களில் பெயர் பெற்றது.

பதிவேட்டில் தாள் தீர்ந்துபோவதுபோல, கணிப்பொறியின் வட்டிலும் இடம் தீர்ந்துபோகும். 500 ஜிகாபைட் வட்டு ஒன்றை, வீட்டை அறைகளாகத் தடுப்பதுபோல 50, 450 என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இப்படித் தடுத்த பகுதிக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். தரவுத்தளம் சின்ன அறையில் குடியிருந்து, அந்த அறை நிரம்பிவிட்டால், பக்கத்தில் 450 காலியாகக் கிடந்தும் பயனில்லை. புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாது.

“கோப்புகளைப் பெரிய அறைக்கு நகலெடுத்தால் போயிற்று!” என்பீர்கள். பொறுங்கள். 40 ஜிகாபைட் தகவல், விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் நகர்ந்தாலும் 400 விநாடி ஆகும். அதற்குள் என்ன நடக்கும் தெரியுமா?

நூலகப் பதிவேட்டை நீங்கள் கையால் படியெடுக்கிறீர்கள். 5-ஆம் பக்கத்தில் அலமாரியில் உள்ள புத்தகங்கள். 90-ஆம் பக்கத்தில் மாணவர்களிடம் உள்ளவை. 5-ஆம் பக்கத்தை எழுதி முடித்துவிட்டீர்கள். அப்போது ஒரு மாணவி புத்தகம் ஒன்றைத் திருப்பித் தருகிறாள். நூலகர் அதை 5-ஆம் பக்கத்தில் சேர்த்து, 90-இல் அடித்துவிடுகிறார். பிறகு நீங்கள் 90-ஆம் பக்கத்தை எழுதுகிறீர்கள். உங்கள் படியைப் பாருங்கள்: அந்தப் புத்தகம் அலமாரியிலும் இல்லை, மாணவியிடமும் இல்லை! புத்தகத்துக்குப் பதில் வங்கிப் பணம் என்றால்?

எனவே தரவுத்தளத்தை நிறுத்திய பிறகே நகலெடுக்க வேண்டும். நிறுத்தும் நேரத்தைக் குறைக்க ஒரு தந்திரம் உண்டு. 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் உருவாக்கிய ஆர்சிங்க், மாறிய கோப்புகளை மட்டும் கண்டுபிடித்து நகலெடுக்கக்கூடியது. தரவுத்தளம் ஓடும்போதே முதல் முறை நகலெடுத்துவிட்டு, பின் அதை நிறுத்தி, மாறியவற்றை மட்டும் மறுபடி எடுப்பார்கள். இரண்டாம் முறை பெரும்பாலும் விரைவில் முடிந்துவிடும்.

அடுத்து, அமைப்புக் கோப்பில் புதிய முகவரியை எழுத வேண்டும். கோப்புகளின் உரிமையாளர் மாறாமலும் இருக்க வேண்டும். மாறினால் மைஎஸ்க்யூஎல்லால் தன் கோப்புகளையே திறக்க முடியாது.

மீண்டும் இயக்குமுன் பழைய கோப்புறையின் பெயரை மாற்றிவைப்பார்கள். வீண்வேலை அல்ல! முகவரி மாற்றம் நடைமுறைக்கு வராமல் போயிருந்தால், மைஎஸ்க்யூஎல் பழைய இடத்திலேயே சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும். நாமோ மாற்றம் முடிந்தது என்று நம்பி, பழையதை அழித்துவிடுவோம். பெயரை மாற்றியிருந்தால் அங்கே ஒன்றும் கிடைக்காமல் அது உடனே பிழை காட்டும்.

சில நாள் சரியாக ஓடிய பின், தனியே ஒரு காப்புப் படியும் எடுத்துக்கொண்டு, பழையதை அழிப்பார்கள். சின்ன அறையில் 40 ஜிகாபைட் காலியாகும்.