சொந்தக்காரர்களே மறந்த கோட்டை... தரங்கம்பாடிக்கு ஒரு வீக் எண்ட் ட்ரிப்!

தரங்கம்பாடி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? ரீல்ஸில் பார்த்த மஞ்சள் நிறக் கோட்டையும் அதன் பின்னாடி தெரியும் நீலக் கடலும்தானே? டேனிஷ்காரர்கள் கட்டிய அந்த டேன்ஸ்போர்க் கோட்டை போட்டோவுக்கு செம லொகேஷன்தான். ஆனால், அதன் கதை தெரிந்துகொண்டு போனால் அந்தச் சுவர் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

1620-ல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர், மிளகு வியாபாரத்துக்காக வந்த டேனிஷ்காரர்களுக்கு இங்கே இடம் கொடுத்தார். அதற்கு வருடத்துக்கு 3,111 ரூபாய் குத்தகை. ஓவ கியெத என்ற இளம் கடற்படைத் தளபதி கோட்டை கட்டும் வேலையைத் தொடங்கினார். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கு, சிறை, பீர் வைக்கும் அறை. மேல்தளத்தில் ஆளுநர் வீடும் தேவாலயமும். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டை. உள்ளே போனால் கடையும் குடோனும்!

பிசினஸ் சரியாகப் போகவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனிக்குக் கடன். 1639-ல் இரண்டு கப்பல்கள் கிளம்பின. அதன் பிறகு 1668 வரை டென்மார்க்கிலிருந்து இந்தப் பக்கம் ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. 1650-ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். ஆனால், கோட்டையில் இருந்தவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள யாரும் வரவில்லை.

நோயிலும் சண்டையிலும் ஒவ்வொருவராகப் போய், 1655 வாக்கில் அங்கே மிச்சமிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர்தான். பெயர், எஸ்கில் கொங்ஸ்பாக்க. கூட இருந்தவர்கள் எல்லாம் சம்பளத்துக்குச் சேர்ந்த உள்ளூர் ஆட்களும் போர்த்துக்கீசியக் கலப்பினத்தவரும்தான். குத்தகை கேட்டு நாயக்கர் படை வந்து வளைத்தபோது, ஊரைச் சுற்றி மதில் எழுப்பித் தாக்குப்பிடித்தார்கள். 1669-ல் ஒருவழியாகக் கப்பல் வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி அப்படியே பறந்துகொண்டிருந்தது!

கீழ்த்தளத்துச் சிறைக்கு வாருங்கள். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவுக்கும் கோட்டைத் தளபதிக்கும் ஒத்துப்போகவில்லை. 1708-ல் அவரைப் பிடித்து சுமார் நான்கு மாதம் கோட்டையில் அடைத்துவைத்தார்கள். வெளியே வந்த அவர்தான் பிறகு இதே ஊரில் அச்சகம் தொடங்கினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. இன்று போனில் தமிழில் டைப் செய்கிறோமே, தமிழ் எழுத்து அச்சேறிய நீண்ட கதையில் இந்த ஊருக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு.

1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் நகர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கோட்டை பயணியர் விடுதியானது. ஆக, ஜாலியாகத் தங்கிப் போக ஆட்கள் வருவது இங்கே இன்று நேற்றுத் தொடங்கியதல்ல! 1978-ல் தமிழகத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. இப்போது உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பீங்கான்களையும் ஆவணங்களையும் நிதானமாகப் பாருங்கள்.

அப்படியே கடற்கரை ஓரமாக நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில் வரும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் கட்டப்பட்டது. கோட்டையைவிட 300 வருடம் மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியும் இந்தக் கரையில்தான் ஏறியது. இப்போது கொட்டியிருக்கும் பாறைகள்தான் அலைக்கும் கோயிலுக்கும் நடுவே நிற்கின்றன.

சொந்தக்காரர்களே கைவிட்ட கோட்டையை, சம்பளத்துக்கு வந்தவர்கள் காப்பாற்றினார்கள். இப்போது காப்பாற்ற வேண்டியது பார்க்க வருகிற நாம்தான். கடல் அரிப்பை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால், சாவியால் சுவரில் பெயர் கீறாமல் இருக்கலாம், தண்ணி பாட்டிலைப் பையில் போட்டு எடுத்து வரலாம்.

மயிலாடுதுறையிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். முதலில் அந்தச் சிறை அறையைப் பாருங்கள். செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம்!