ஆற்றுக்கும் ஒரு திண்ணை

நம் முன்னோர்கள் வீடு கட்டுங்கால், தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவே திண்ணை ஒன்று வைக்க மறந்ததில்லை. வழிநடையாக வருகிறவர் அங்கே மூட்டையை இறக்கி, காலைக் கழுவிக்கொண்டு, சற்று இளைப்பாறிய பிறகே உள்ளே நுழைவார். தெருப்புழுதி தெருவோடு நின்றுவிடும். நதிகளுக்கும் இப்படி ஒரு திண்ணை உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலில் கடலை அடையும் தாமிரபரணியின் கரையோரம் நடந்தால் அதைப் பார்க்கலாம். வயலுக்கும் ஓடும் ஜலத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் நாணலும் கோரையும் மண்டியிருக்கும். சற்று மேட்டில் மருதும் நாவலும் புங்கும் நிழல் பரப்பி நிற்கும். கிராமக் கணக்கில் இதற்கு ஆற்றுப் புறம்போக்கு என்று பெயர். வரிவிதிப்புக்குப் புறம்பான நிலம் என்பது அதன் பொருள். கிஸ்தி கொடாத நிலம் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று முடிவு கட்டி, அச்சொல்லையே வசவாக்கிவிட்ட பெருமை நம்முடையது!

அந்த நிலமோ இரவு பகலாக உழைக்கிறது. மழை வலுத்தவுடன் வயலிலிருந்து புரண்டு வரும் செந்நீர் நாணற்புதரில் மோதி வேகம் தளர்கிறது, வண்டல் தங்குகிறது, மண்ணோடு ஒட்டி வரும் பாஸ்பரஸ் சத்தும் அதனுடன் தங்கிவிடுகிறது. நைட்ரேட் உப்பு இவ்வளவு எளிதில் அகப்படாது. அது ஜலத்தில் கரைந்து தரைக்கு அடியில் கசிந்து வருவது. அதில் ஒரு பங்கை மரவேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. மற்றொரு பங்கை ஈரமண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றிக் காற்றிலே விட்டுவிடுகின்றன. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாகாணத்து மக்காச்சோள வயல் ஒன்றின் கீழே இருந்த சுமார் 50 மீட்டர் அகலமுள்ள ஆற்றோரக் காட்டை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 1984-இல் முடிவை வெளியிட்டார்கள். அக்காட்டுக்குள் புகுந்த நைட்ரஜனில் 89 சதவிகிதம் ஓடையைச் சேராமலே நின்றுபோயிற்றாம்.

கரை மொட்டையானால் இந்த உரச்சத்தெல்லாம் நேரே ஆற்றுக்குத்தான் போகும். அங்கே அதை உண்டு கொழுப்பவை பாசியும் ஆகாயத்தாமரையும். அவை அழுகும்போது ஜலத்திலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடிகின்றன. நிழலும் போய்விடுவதால் ஜலம் சூடேறுகிறது. சூடான ஜலத்தில் பிராணவாயு தங்குவதும் குறைவு. உதிர்ந்த இலைகளைத் தின்னும் பூச்சிகளும், அவற்றைத் தின்னும் மீன்களும், மண்கரையில் வளை தோண்டும் மீன்கொத்தியும் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெறுகின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்ச் சாக்கடையைக் குழாய் வழியே நேராக ஆற்றில் விட்டால் எந்த நாணலும் அதைத் தடுக்காது. கொல்லைப்புறமாக நுழைகிறவனைத் திண்ணை என்ன செய்யும்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் 2015-இல் சட்டமே இயற்றினார்கள்: பொது நீர்நிலைகளின் கரையோரம் சராசரி 50 அடி அகலத்துக்கு உழவின்றி நிலையான செடி கொடிகள் இருக்கவேண்டும் என்று. அரை ஏக்கர் வைத்திருக்கும் நம் குடியானவரிடம் 50 அடி கேட்பது அவர் வீட்டு உலையில் கை வைப்பதாகும். ஆனால் புறம்போக்கு யாருடைய பட்டாவும் அன்று. அதைச் சிறிது சிறிதாக வேலிக்குள் இழுத்துக்கொள்ளும் வசதி படைத்தவர்களைக் கேட்பதற்கு நமக்கு என்ன தயக்கம்?

நெல்லைச் சீமையில் வீரவநல்லூருக்கு அருகே, தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் இருக்கிறது. மருதமரமே அவ்வூர்க் கோயிலின் தலவிருட்சம். முதிர்ந்த மருதும் இலுப்பையும் நாவலும் நிற்கும் சுமார் 7 ஏக்கர் நிலத்தில் கொக்குகளும் நாரைகளும் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றைக் காக்கவேண்டுமென்று ஊராரே ஸர்க்காரைக் கேட்டுக்கொண்டார்கள். 2005-இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த முறை நெல்லைக்குப் போகும் நேயர்கள் குழந்தைகளையும் அழைத்துச் சென்று, அந்த மரங்களின் வேர்கள் கரை மண்ணைப் பற்றியிருக்கும் விதத்தைக் காட்டுவார்களாக.